அடகுக் கடைக்குப் போகும் முன்

முதன்முதலாக ஒரு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பப் போகும் தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும்,



விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக வணிகவியல் பாடம் எடுக்கிறேன். உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் காலை வண்டி பிடித்துப் போகிறவர்கள், அச்சகத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் கடைசியில் சுவரோரமாக நிற்பீர்கள். பெஞ்சில் உட்காருங்கள் என்றாலும் "இருக்கட்டும் டீச்சர்" என்பீர்கள். அந்த "இருக்கட்டும்" உங்களுக்கு எவ்வளவு பணத்தைச் செலவு வைக்கிறது என்று சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு ஜூன் மாதம், ஓர் அம்மா அரைக் கிலோ மைசூர்பாகோடு பள்ளிக்கு வந்தார். மகளுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிட்டதாம். முகமெல்லாம் சிரிப்பாகப் பெட்டியை நீட்டினார். அப்போதுதான் கழுத்தைப் பார்த்தேன். தாலிக்கொடி இல்லை. புது மஞ்சள் கயிறு கிடந்தது. அதன் சாயம் சேலைக் கரையில் ஒட்டியிருந்தது.

"எந்த கோட்டாவுலம்மா சேத்தீங்க?" என்றேன்.

"அதெல்லாம் தெரியல டீச்சர். ஒரு சார் வீட்டுக்கே வந்தாரு. ரெண்டு சீட்டுதான் இருக்கு, இன்னைக்கே பத்தாயிரம் கட்டுனா புக் பண்ணிறலாம்னாரு. மார்க் ஷீட்டு, டி.சி. எல்லாம் அவங்க வாங்கிக்கிட்டாங்க. மிச்சப் பணத்துக்கு நகைய வச்சேன். பத்தாததுக்கு அஞ்சு வட்டிக்கு அம்பதாயிரம் வாங்கியிருக்கு."

அந்தப் பெண் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் பள்ளியில் படித்தவள். 2021-ல் வந்த சட்டப்படி அப்படிப் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் தனியாக உண்டு. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும். அவளுடைய கட்-ஆஃபுக்கு அந்த இடம் கிடைத்திருக்கும். பள்ளியில் நாங்களே அவளுக்குக் கலந்தாய்வுப் பதிவும் செய்து வைத்திருந்தோம். வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் விட்டது என் தவறு. அந்த மைசூர்பாகை என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

அஞ்சு வட்டி என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். ஐம்பதாயிரத்துக்கு மாதம் 2,500. வருடத்துக்கு 30,000. அசல் அப்படியே நிற்கும். அதே ஐம்பதாயிரத்தை வங்கியில் கல்விக் கடனாக வாங்கி, வட்டி பத்து விழுக்காடு என்றே வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 5,000தான். அதையும் படிக்கும் காலத்தில் மாதாமாதம் கட்டச் சொல்ல மாட்டார்கள். இந்தக் கணக்கைத்தான் நான் வகுப்பில் கரும்பலகையில் போடுகிறேன். பிள்ளைகளுக்குப் புரிகிறது. ஆனால் கடன் வாங்கப் போவது நீங்கள், உங்களுக்கு நான் எந்தப் பலகையிலும் எழுதிக் காட்டவில்லை. இப்போது எழுதுகிறேன்.

முதலில் கலந்தாய்வு. அரசு தரும் பெரிய சலுகைகள் பலவும் அந்த வாசல் வழியாகத்தான் வருகின்றன. 7.5 அப்படித்தான். முதல் பட்டதாரிச் சலுகையும் அப்படித்தான். வீட்டில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், கலந்தாய்வு வழியாகச் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் குறையும். நான்கு வருடத்துக்கு ஒரு லட்சம். நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது வீட்டுக்கு வரும் அந்த "சார்" மூலமாகச் சேர்த்தால், இரண்டும் போய்விடும். அவர் அதைச் சொல்ல மாட்டார். ஏப்ரலிலேயே முன்பணம் கேட்டு யார் வந்தாலும், "கவுன்சலிங் முடியட்டும் சார், அப்புறம் பேசிக்கலாம்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுங்கள். தண்ணீர் கொடுங்கள், அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். அசலைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன.

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் மைசூர்பாகோடு வந்த அம்மாவோடு நான் அந்தக் கல்லூரிக்குப் போனேன். முதல் தடவை மேனேஜர் இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை பணம் முழுவதும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மூன்றாம் தடவை நடந்ததைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி, கீழே அந்தப் பெண்ணும் அம்மாவும் கையெழுத்துப் போட்டு, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போனோம். ஒன்றை அவர்களிடம் கொடுத்து, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாக சீல் கேட்டோம். சீல் போடவில்லை. அரை மணி நேரத்தில் சான்றிதழ்கள் வந்துவிட்டன. கட்டிய பணத்தில் பாதியை மட்டும் திரும்ப வாங்க முடிந்தது. ஜூலையில் கலந்தாய்வில் அவளுக்கு இடம் கிடைத்தது. தாலிக்கொடியை மீட்கப் பதினான்கு மாதம் ஆயிற்று.

அடுத்தது சான்றிதழ்கள். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி. எல்லாமே இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பவைதான். ஆனால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று கோப்பு நகர நாளாகும். ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் மாவட்டமே அந்த வாரம் ஓடிக்கொண்டிருக்கும். மார்ச்சில், பரீட்சை நடக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். வருமானச் சான்றில் ஒரு விஷயம். ஒவ்வொரு உதவித்தொகைக்கும் ஒவ்வொரு வருமான வரம்பு. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் உதவித்தொகைக்கு நாலரை லட்சம். பட்டப் படிப்பில் வருடத்துக்கு 12,000 கிடைக்கும். ஏ.ஐ.சி.டி.இ. பெண் பிள்ளைகளுக்குத் தரும் பிரகதி உதவித்தொகைக்கு எட்டு லட்சம். வருடத்துக்கு 50,000, ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். "நமக்கெல்லாம் கிடைக்காது, மாசச் சம்பளக்காரங்களா இருக்கோம்" என்று போன வருடம் ஒரு தகப்பனார் சொன்னார். அவர் சம்பளம் மாதம் பதினெட்டாயிரம். வருடக் கணக்குப் போட்டால் 2,16,000. எல்லா வரம்புக்கும் உள்ளேதான் இருந்தார். தகுதி இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் பிரகதி கிடைத்துவிடாது. ஒன்றை வாங்கினால் இன்னொன்று கூடாது என்ற விதியும் சிலவற்றுக்கு உண்டு. இருந்தாலும் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

புதுமைப் பெண் திட்டமும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2022-ல் பெண் பிள்ளைகளுக்கும் 2024-ல் ஆண் பிள்ளைகளுக்கும் தொடங்கியவை, மாதம் ஆயிரம் ரூபாய். அதைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். பணம் ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் போகும். எங்கள் மாணவி ஒருத்தி ஐந்து மாதமாகப் பணம் வரவில்லை என்று அழுதாள். பார்த்தால், எட்டாவது படிக்கும்போது வேறொரு வங்கியில் திறந்த பழைய கணக்கில் ஐயாயிரமும் பத்திரமாகக் கிடந்தது. எந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போஸ்ட் மெட்ரிக் பணமும் இப்போது பிள்ளையின் கணக்குக்கே நேராக வருகிறது. அது கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம். வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டுப் பிறகு கையைப் பிசையாதீர்கள்.

இனி கல்லூரி அலுவலகம். அங்கே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "மொத்தம் எவ்வளவு?" என்பதில்லை. "எதெதற்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். கல்விக் கட்டணம் தனி, விடுதி தனி, பஸ் தனி, புத்தகம், சீருடை, "இதர கட்டணம்" என்று ஒன்று தனி. அதைத் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதி வாங்கினால்தான் எதைக் குறைக்கச் சொல்வது என்று தெரியும். அரசு பஸ் பாஸ் இருக்கும்போது கல்லூரி பஸ் கட்டாயமா? இரண்டு தவணை, மூன்று தவணையாகக் கட்டலாமா? மதிப்பெண்ணுக்குச் சலுகை உண்டா? கபடி, வாலிபாலில் மாவட்டம் வரை போன பிள்ளைக்கு உண்டா? இன்னொரு கல்லூரியில் குறைத்துத் தருவதாகச் சொன்னால் அதை இங்கே தயங்காமல் சொல்லலாம். காலி இடம் இருக்கிற கல்லூரிக்கு உங்கள் பிள்ளை வேண்டும். சந்தையில் கத்தரிக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்கிற நீங்கள், லட்ச ரூபாய் கட்டுகிற இடத்தில் வாய் திறக்காமல் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சலுகை தருகிறோம் என்று சொன்னால் உடனே கையெடுத்துக் கும்பிட்டுவிடாதீர்கள். இன்னும் இரண்டு கேள்வி இருக்கிறது. எத்தனை வருடத்துக்கு? எந்த நிபந்தனையில்? முதல் வருடம் மட்டும் பாதிக் கட்டணம், இரண்டாம் வருடம் முழுக் கட்டணம் என்ற ஏற்பாடு நிறைய இடத்தில் உண்டு. ஒரு அரியர் விழுந்தால் சலுகை நின்றுபோவதும் உண்டு. தமிழ் வழியில் படித்து, முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் கணக்கும் இயற்பியலும் எழுதப்போகும் பிள்ளைக்கு ஓர் அரியர் விழுவது பெரிய அதிசயமில்லை. அதனால் இரண்டு கல்லூரியை ஒப்பிடும்போது முதல் வருடத் தொகையை ஒப்பிடாதீர்கள். நான்கு வருடத்தையும் கூட்டிப் பாருங்கள். கூட்டத் தெரியவில்லை என்றால் உங்கள் பிள்ளைக்குத் தெரியும், அவளைக் கூட்டச் சொல்லுங்கள்.

வங்கி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கேதான் உங்களை அதிகம் அலைய விடுகிறார்கள்.

ஒரு லோடு ஆட்டோ ஓட்டுநர். மகளுக்கு பி.எஸ்சி. நர்சிங். பிள்ளையின் ஃபைலை மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு மூன்று கிளை ஏறி இறங்கினார். முதல் கிளையில் "உங்க தெரு எங்க சர்வீஸ் ஏரியா இல்ல" என்றார்கள். அடுத்த கிளையில் "காலேஜ் பக்கத்துல இருக்கிற பிராஞ்சுல கேளுங்க" என்றார்கள். மூன்றாவதில் "சிபில் கம்மியா இருக்கு, கஷ்டம்" என்றார்கள். மூன்று இடத்திலும் அவர் கையில் இருந்த விண்ணப்பத்தை யாரும் வாங்கவில்லை. வாங்காத விண்ணப்பத்தை நிராகரித்ததாகவும் கணக்கில் வராது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சர்வீஸ் ஏரியா என்ற காரணத்தைச் சொல்லிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. நாலு லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது பழைய விதி. ஏழரை லட்சம் வரையிலான கடனுக்கு அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. அதன்கீழ் தரும் கடனுக்குச் சொத்தும் வேண்டாம், மூன்றாவது ஆளின் ஜாமீனும் வேண்டாம்; அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். நாலு லட்சம் வரை நீங்கள் கையிலிருந்து ஒரு பங்கு போட வேண்டும் என்பதும் இல்லை. விண்ணப்பத்தை மறுப்பதாக இருந்தால் மேலதிகாரியின் ஒப்புதலோடு காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று வங்கிகள் தமக்கே வகுத்துக்கொண்ட மாதிரித் திட்டத்தில் இருக்கிறது. சிபில் என்கிற கடன் மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது. ஆனாலும் கிளைகளில் சிபிலைப் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆகவே பழைய நகைக் கடன், செல்போன் தவணை, குழுக் கடன் ஏதாவது பாக்கி நின்றால் பிப்ரவரி மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள். சின்னப் பாக்கிதான் பெரும்பாலும் வந்து மறிக்கிறது.

அந்த ஓட்டுநரை, வங்கியில் பேச வேண்டியதை எழுதிய ஒரு தாளை நான் மனப்பாடம் செய்ய வைத்தேன். நாலாவது முறை, முதலில் போன அதே கிளைக்கே போனோம். நான் வாசலில் நின்றுகொண்டேன். அவர் உள்ளே போய் மேலாளர் முன் உட்கார்ந்தார். நிற்கவில்லை, உட்கார்ந்தார். கல்லூரியின் போனஃபைடு, கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று எல்லாவற்றையும் வரிசையாக மேசைமேல் வைத்துவிட்டு, "விண்ணப்பத்த வாங்கிக்கிட்டு ஒரு சீல் போட்டுக் குடுங்க சார். முடியாதுன்னா அதுக்கான காரணத்த எழுதிக் குடுங்க, வாங்கிக்கிறேன்" என்றார். குரல் நடுங்கியது என்று பிறகு சொன்னார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தாராம். சீல் விழுந்தது. ஒன்பதாம் நாள் கிளையிலிருந்து போன் வந்தது.

அந்த மேலாளரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. வராக் கடன் ஏறினால் அவரைத்தான் கேட்பார்கள். வேலைக்கு ஆள் குறைவு. வாயால் சொல்லி அனுப்பிவிடுவது அவருக்குச் சுலபம். அந்தச் சுலபத்தை நீங்கள் மரியாதையாக, ஒரு தாளால், கொஞ்சம் கடினமாக்க வேண்டும். கிளைக்குப் போகாமல் வித்யாலட்சுமி இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். அங்கே பதிவு எண் கிடைத்துவிடும், விண்ணப்பம் வரவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து முப்பது நாள் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

கடன் கேட்கும்போது கல்விக் கட்டணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம், படிப்புக்குத் தேவையான கணினி இவற்றையும் கடனில் சேர்க்க இடமிருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு வந்துதான் அக்டோபரில் அஞ்சு வட்டிக்காரரிடம் போகிறீர்கள். வட்டி மானியத்தையும் அன்றைக்கே கேளுங்கள். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கு வாங்கிய கடனில், படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் ஏறுகிற வட்டியை ஒன்றிய அரசு ஏற்கும் திட்டம் 2009-லிருந்து இருக்கிறது. கல்லூரி அந்தத் திட்டத்துக்கு உட்பட்டதா என்று மட்டும் முதலில் பார்க்க வேண்டும். அது தானாக வராது. வருமானச் சான்றைக் கிளையில் கொடுத்து, மானியத்துக்குப் பதிவு செய்தார்களா என்று கேட்க வேண்டும். 2024 நவம்பரில் அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் சேர்ந்தால் எட்டு லட்சம் வருமானம் வரையுள்ள வீடுகளுக்கும், பத்து லட்சம் வரையிலான கடனில் மூன்று விழுக்காடு வட்டித் தள்ளுபடி உண்டு.

இவ்வளவும் சொன்னாலும் கடன் கடன்தான். உங்கள் பிள்ளை வேலைக்குப் போய்ப் பல வருடம் கட்ட வேண்டிய கடன். பக்கத்து ஊரில் அரசுக் கல்லூரி இருந்து, பிள்ளை விரும்பும் பாடமும் அங்கே இருந்தால், ஊரார் என்ன சொல்வார்கள் என்று பார்த்து லட்சக்கணக்கில் கடன் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்லி நான் இரண்டு மூன்று வீட்டில் மனவருத்தம் சம்பாதிக்கிறேன். பரவாயில்லை.

என் கதையும் ஒன்று உண்டு. 1994-ல் பி.காம். சேர்ந்தபோது என் அப்பா கல்லூரி அலுவலகத்தில் எதையுமே கேட்கவில்லை. கட்டச் சொன்னதைக் கட்ட, வீட்டிலிருந்த ஒரே பசுவை விற்றார். நாலு மாதம் கழித்து அந்த அலுவலகத்துக்கு வெளியே இருந்த அறிவிப்புப் பலகையில், கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து, உதவித்தொகை அறிவிப்பு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். எங்கள் மாதிரி வீட்டுக்கென்றே எழுதியதுபோல் இருந்தது. கடைசித் தேதி முடிந்து ஆறு வாரம். அப்பாவிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. அவர் இப்போது இல்லை. இப்போதும் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கதவுக்குப் பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

கேட்டதும் கிடைக்காமல் போகலாம். அப்போதும் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். உத்தரப் பிரதேசத்தில் முசாபர்நகர் மாவட்டத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு 2024-ல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்ட வேண்டியது 17,500 ரூபாய். ஊரெல்லாம் திரட்டிக் கட்டப் போகும்போது நேரம் முடிந்துவிட்டது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வைச் சென்னை ஐ.ஐ.டி. நடத்தியதால் நம் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தார்கள். பிறகு உச்ச நீதிமன்றம் போனார்கள். செப்டம்பர் 30 அன்று, அந்தப் பையனைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வராது. கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம், கிளை மேலாளருக்கு ஒரு கடிதம், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு, பெரும்பாலும் இதற்குள் ஏதாவது ஒரு கதவு திறந்துவிடும். படிப்பின் நடுவில் வீட்டில் ஒரு சாவோ, விபத்தோ, பட்டாசு ஆலை மூடலோ வந்தாலும் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். நிலைமை மாறிவிட்டது என்று எழுதி மறுபடியும் கேளுங்கள். முதல் வருடம் இல்லை என்றவர்கள் மூன்றாம் வருடம் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஜூலை முடிய, சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பள்ளியில் இருப்பேன். எங்கள் பள்ளிப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பையன்களும் வரலாம். சான்றிதழ்களின் அசல், மூன்று செட் ஜெராக்ஸ், பிள்ளையின் பாஸ்புக், ஆதார், கல்லூரியில் கொடுத்த தாள் எதுவாக இருந்தாலும் அது, எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். வேலைக்குப் போக வேண்டியிருந்தால் வரும் நேரத்தைப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள், ஆறு மணி வரை காத்திருக்கிறேன். மேல்மாடி, கடைசி அறை. பெஞ்சு துடைத்து வைத்திருப்பேன். உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் வணிகவியல் டீச்சர்